ஒரு மேசைக்கரண்டி மண்

பர்க்கா, ஓமான்
12.08.1995

அன்புள்ள தங்கை யோகேஸ்வரிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? எண்ணெய் பூசுகிறாவா, அல்லது போத்தலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாவா?

மூதூருக்கு அங்கால் யூரியா கொண்டுபோக விடுகிறார்கள் இல்லை என்று இங்கே ஒரு பொடியன் சொன்னான். உரப்பையைக் கண்டால் குண்டைக் கண்ட மாதிரியாம். கவலைப்படாதே. விவசாயப் போதனாசிரியராக இருந்த ஆறு வருடமும் ஊர் ஊராகப் போய் யூரியா போடுங்கள் என்று சொன்னவன் நான். இப்போது அதே வாயால் சொல்கிறேன், எங்கள் வீட்டு வளவுக்கு யூரியா தேவையில்லை. சாணம், குழை போன்ற சேதனப் பசளை போதும்.

நீ மண்வெட்டி பிடித்தவள் இல்லை என்பது தெரியும். ஆகவே சின்னதாகத் தொடங்கு. குசினிக்குப் பின்னால், கிணற்றடியிலிருந்து வேலி வரைக்கும் உள்ள துண்டு போதும். வேலியோரம் நான்கடி அகலத்தில் மூன்றடி ஆழத்தில் ஒரு கிடங்கு வெட்டு. அதில் பூவரசங் குழை ஒரு படை, செவலைப் பசுவின் சாணம் ஒரு படை, அடுப்புச் சாம்பல் ஒரு பிடி, மேலே மண். இப்படியே நிரப்பி மூடு. மூன்று மாதத்தில் கூட்டெரு. அதற்கிடையில் பத்துக் கத்தரிக் கன்றை நட்டுத் தண்ணீர் ஊற்று. அந்தக் கறுத்த மண்ணில் தடியை நட்டாலும் தளிர்க்கும்.

ஒரு விசயம். தை முடிய என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். எனக்கு மனமில்லை. யூரியா இல்லாமல் அந்த வளவில் மரக்கறி வரும் என்று நீ காட்டினால் போதும், நான் வந்துவிடுவேன்.

உடனே பதில் போடு. அம்மாவை வெயிலில் நிற்க விடாதே.

உன் அண்ணன்,
கனகசுந்தரம்


முகாம், நிலாவெளி வீதி
03.09.1995

அன்புள்ள றஹ்மா,

நீ சுகமா? உம்மாவுக்குச் சீனி வருத்தம் இப்போது கட்டுப்பாட்டில் இருக்கிறதா? நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் கேட்காதே.

அண்ணாவின் கடிதம் கிடைத்தது. உன்னுடைய ஸஹாப்தீன் சாச்சா மூதூர்த் தபால் கந்தோரில் இல்லாவிட்டால் அது ஆளில்லாத புளியடிச்சேனைக்குப் போய்த் திரும்பியிருக்கும். இதோடு நான் அண்ணாவுக்கு எழுதியதையும் வைக்கிறேன். வழக்கம்போல் கிண்ணியாவிலிருந்தே தபாலில் சேர்த்துவிடு.

ஏன் இந்தப் பொய் என்று நீ போன முறை கேட்டாய். அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு அண்ணா வந்தது உனக்கு நினைவிருக்கும். வரும் வழியில் சோதனைச்சாவடியில் இறக்கினார்கள். பதினொரு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். அம்மா அவரின் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக நின்றா. முழங்கால் அப்படித்தான் போனது. ஜூன் மாதம் ஊரைவிட்டு ஓடித் தோணியில் கொட்டியாரக் குடாவைக் கடக்கும்போது அம்மா சொன்ன முதல் வார்த்தை, "அவனுக்கு எழுதிப்போடாத. ஊர் போயிட்டுதெண்டால் அடுத்த பிளேனில வந்து நிப்பான்." அண்ணாவைப் பொறுத்தவரை நாங்கள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறோம். செவலை தொழுவத்தில் நிற்கிறது.

இப்போது அவர் தோட்டம் போடச் சொல்கிறார். சிரிக்காதே, நான் போடத் தொடங்கிவிட்டேன். மூன்று மாதமாகப் பருப்பும் சோறும். அம்மா தட்டைத் தள்ளி வைக்கிறா. கொட்டிலுக்குப் பின்னால் கடல்மணல் ஒரு துண்டு கிடக்கிறது, பாய் விரிக்கிற அளவு. அண்ணா சொன்னபடி கிடங்கு வெட்டினேன். ஒன்றரை அடியில் தண்ணீர் வந்துவிட்டது, உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீர். அதற்குள் இரண்டு ஆமிக்காரர் வந்து நின்றார்கள். ஒருவன் கிடங்கை எட்டிப் பார்த்து "பங்கர்?" என்றான். நான் "கூட்டெரு" என்றேன். அவனுக்குக் கூட்டெரு விளங்கவில்லை, எனக்குச் சிங்களம் வரவில்லை. அழுகின வாழைப்பழத் தோலை எடுத்துக் காட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, மூடு என்று கையால் காட்டினான். மூடினேன்.

தொண்டு நிறுவனம் ஒன்று எல்லோருக்கும் வீட்டுத்தோட்டக் கையேடு கொடுத்திருக்கிறது. முதல் வரி, "உங்கள் வீட்டின் சூரிய ஒளி விழும் பக்கத்தைத் தெரிவுசெய்யுங்கள்." வாசித்துவிட்டு மடித்து வைத்தேன். அடுப்பு மூட்ட உதவும்.

உன்,
யோகேஸ்


புளியடிச்சேனை, சம்பூர்
03.09.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். அம்மா எண்ணெய் பூசுகிறா. உங்கள் உடம்பைக் கவனியுங்கள்.

நீங்கள் சொன்னபடி கிடங்கு வெட்டினேன். ஒன்றரை அடியில் தண்ணீர் ஊறுகிறது. ஆகவே கிடங்கு சரிவரவில்லை. வேறு வழி இருந்தால் எழுதவும். மாட்டுச் சாணம் இல்லாமல் கூட்டெரு செய்ய முடியுமா? பத்துக் கத்தரிக் கன்று நட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை யோகேஸ்வரி


பர்க்கா, ஓமான்
27.09.1995

அன்புள்ள தங்கைக்கு,

சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஒன்றரை அடியில் தண்ணீரா? எங்கள் கிணறு இருபத்திரண்டு அடி. அதை வெட்டும்போது அப்பாவுக்கு மண் தூக்கிக் கொடுத்தவன் நான். மாரியில்கூட வேலியோரம் தண்ணீர் நின்றதில்லை. நீ எங்கே வெட்டினாய்? கிணற்றுக்குள்ளா?

சரி. கிடங்கு வேண்டாம். நிலத்துக்கு மேலே குவி. சருகு, குழை, குசினிக் கழிவு என்று படை படையாக வைத்து ஓலையால் மூடு. கிழமைக்கு ஒரு தடவை புரட்டு. உள்ளே கையை விட்டால் சூடு தெரிய வேண்டும். சூடு இல்லை என்றால் அது எரு இல்லை, குப்பை.

தொழுவத்தில் மாடு கட்டியிருக்கிற வீட்டில் சாணம் இல்லாமல் என்று ஏன் கேட்கிறாய்? செவலைக்கு என்ன?

கேள்விக்குக் கேள்விதான் வருகிறது. நான் இங்கே நாள்முழுக்க மற்றவனின் எலுமிச்சை மரங்களைப் பார்க்கிறேன். அங்கே எங்கள் வளவில் பத்துக் கத்தரியைப் பார்க்க உன்னால் முடியாதா?

அம்மாவை ஒரு வரி எழுதச் சொல்லு.

அண்ணன்,
கனகசுந்தரம்


கிண்ணியா
15.10.1995

என்ட யோகேஸ்,

நாங்க எல்லாரும் அல்லாஹ்ட கிருபையில சுகம். உம்மா உனக்குத் துஆச் செய்யிறா, சீனியும் களவாத் தின்னுறா.

இத்தோட உன்ட அண்ணன், கனகசுந்தரம் நானா அனுப்பின கடிதம். ஒட்டினது உரிஞ்சு கிடந்ததால வாசிச்சிட்டன், கோவிக்காத. மனிசன் நல்லாக் கேக்காரு, கிணத்துக்குள்ளயா வெட்டினாய் எண்டு! சிரிச்சுச் சிரிச்சுப் போய்ப் பிறகு அழுகை வந்துட்டு. புள்ள, நீ கத்தரி வளக்கல்ல, பொய் வளக்காய். அதுக்கு மட்டும் ஒரு பசளையும் தேவையில்ல.

செவலைய என்ன செய்யப்போறாய்? வித்துட்டன் எண்டு எழுது. செத்துட்டு எண்டு எழுதினா நானா அழுவாரு.

வெண்டி விதையும் பசளிக்கீரை விதையும் கடுதாசியில மடிச்சு வெச்சிருக்கன். எங்கட வளவில காச்சது. விதையாவது உண்மையா இருக்கட்டும்.

றஹ்மா


புளியடிச்சேனை, சம்பூர்
22.10.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சுகத்துக்காக அம்மா நேர்த்தி வைத்திருக்கிறா. எங்களுக்கு ஒரு குறையுமில்லை. அம்மாவுக்குக் கண் தெளிவில்லை, அதனால் எழுதவில்லை.

செவலையை விற்றுவிட்டோம். புல் வெட்ட ஆளில்லை.

குவியல் வைத்தேன். சூடு வரவில்லை. காற்று ஓலையைத் தூக்கிக்கொண்டு போகிறது. இரண்டு தரம் ஆடு வந்து கிளறிவிட்டது. கத்தரிக் கன்று பத்தில் ஏழு போய்விட்டது. மிச்சம் மூன்றிலும் இலையின் விளிம்பு நெருப்புக் காட்டியது போல் கருகி வருகிறது. நடு இலை பச்சையாகத்தான் இருக்கிறது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறேன். ஊற்ற ஊற்றக் கருகுகிறது. மீன் கழுவின தண்ணீரும் ஊற்றினேன். பூச்சி எதையும் காணவில்லை.

இது என்ன நோய்?

தங்கை,
யோகேஸ்வரி


பர்க்கா, ஓமான்
14.11.1995

யோகேஸ்வரிக்கு,

நான் சுகம். நீங்களும் சுகம் என்று எழுதுகிறாய், ஏற்றுக்கொள்கிறேன்.

எனக்குக் கோபம் வருகிறது. மறைக்கவில்லை. பாலபாடம்போல் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஒவ்வொன்றும் உன் கையில் பட்டுச் சாகிறது. பூவரசு நான்கு பக்கமும் நிற்கிற வளவில் காற்று ஓலையைத் தூக்குமா? முள்வேலி தாண்டி ஆடு வருமா? அந்த மண்ணில் கத்தரி கருகி நான் பார்த்ததில்லை. புத்தகம் கிடைத்தால் சோறு வேண்டாம் உனக்கு. காலடியில் இருக்கிற மண்ணை ஒரு தடவை வாசித்தாயா?

இனி உன் சொல்லை வைத்துக்கொண்டு என்னால் வைத்தியம் பார்க்க ஏலாது. கந்தோரில் நாங்கள் செய்வதைச் செய். மேலே உள்ளதை ஒதுக்கிவிட்டு ஆறு அங்குலம் தோண்டி, கன்றின் வேரடியிலிருந்து மண் எடு. நிழலில் காயவை. ஒரு மேசைக்கரண்டி போதும். பொலித்தீனில் கட்டி உறைக்குள் வைத்து அனுப்பு. மண் பொய் சொல்லாது.

தை பிறக்க முதல் எனக்கு அது வேண்டும். மண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவதா, வருவதா என்று முடிவு எடுப்பேன்.

கனகசுந்தரம்


முகாம், நிலாவெளி வீதி
08.12.1995

அன்புள்ள றஹ்மா,

உன் வீட்டார் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே மழை. கொட்டிலுக்குள் இரண்டு இடத்தில் சட்டி வைத்திருக்கிறோம். அம்மா மூன்றாவது சட்டியைத் தேடுகிறா.

அண்ணா மண் கேட்கிறார். "மண் பொய் சொல்லாது" என்று எழுதியிருக்கிறார்.

அவர் கடிதத்தைப் பார்க்கும்போது எனக்கும் கத்த வேண்டும் போல் இருக்கிறது. இருபத்திரண்டு அடிக் கிணறு, பூவரசு வேலி, கறுத்த மண் என்று இல்லாத நிலத்துக்கு யோசனை எழுதுகிறார். அந்த நிலத்தில் எல்லாம் சரியாக வரும். இங்கே நான் அதை வரிக்கு வரி செய்து வரிக்கு வரி தோற்கிறேன். அதற்குத் திட்டும் வாங்குகிறேன். என்ன பிழை என்று எனக்குத் தெரியும். சொல்ல முடியாத பிழை.

இன்னொன்று கேள். மழைக்குப் பிறகு ஒரு கத்தரி தலை தூக்கியிருக்கிறது. ஒரு பூவும் வந்திருக்கிறது. அதை நான் அண்ணாவுக்கு எழுதவில்லை. தோட்டம் வந்தாலும் வருவார், ஊர் போனது தெரிந்தாலும் வருவார். பூவைப் பார்த்து எரிச்சல்பட்ட தோட்டக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உன் அன்ஸார் மாமா விறகு வண்டியோடு அந்தப் பக்கம் போகிறவர் என்று சொன்னாய். போனால், எங்கள் குசினிக்குப் பின்னால் ஒரு பிடி மண் அள்ளிக்கொண்டு வருவாரா? அவருக்கு ஆபத்து என்றால் வேண்டாம். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

யோகேஸ்


கிண்ணியா
29.12.1995

யோகேஸ்,

சுகமா? எங்கட வீட்டுக்குள்ளயும் தண்ணி வந்து வடிஞ்சிட்டு. எல்லாரும் இருக்கம்.

அன்ஸார் மாமா போய் வந்துட்டாரு. சோதனையில வண்டிய நிப்பாட்டி, "மண் எதுக்கு?" எண்டு கேட்டிருக்காங்க. மனிசன் "பல்லு விளக்க" எண்டு சொல்லியிருக்காரு. அவருக்கு வாயில நாலு பல்லுத்தான். சிரிச்சிட்டு விட்டுட்டானுகளாம்.

உன்ட வீட்டப்பத்திக் கேட்டன். "மண் கேட்டாய், கொண்டு வந்தன்" எண்டாரு. திரும்பவும் கேட்டன். "கிணறு இரிக்கி" எண்டாரு. அதுக்குப் பிறகு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு.

பொட்டலத்த நான் பிரிக்கல்ல. இது உன்ட.

றஹ்மா


02.01.1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பது எங்களுக்கு முக்கியம். இதை வழக்கத்துக்கு எழுதவில்லை.

கேட்ட மண்ணை அனுப்புகிறேன். ஆறு அங்குலம் தோண்டி, வேரடியில் எடுத்து, நிழலில் காயவைத்தேன். நான் தோட்டம் செய்கிற மண் இதுதான். அம்மாவுக்கு நான் அனுப்புவது தெரியாது.

இத்தனை மாதமும் நீங்கள் சொன்னதை ஒன்று விடாமல் செய்தேன். அதை மட்டும் நம்புங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். பொட்டலத்தைப் பிரிக்க முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். முதலில் கையெழுத்து, பிறகு மண். அப்பாவின் பெயரால் கேட்கிறேன்.

யோகேஸ்வரி


பர்க்கா, ஓமான்
18.02.1996

அன்புள்ள யோகத்துக்கு,

நீயும் அம்மாவும் இருக்கிற இடத்தில் சுகமாக இருக்க வேண்டும்.

நீ சொன்ன ஒழுங்கில் செய்யவில்லை. பொட்டலத்தைத்தான் முதலில் பிரித்தேன். வெள்ளை மணல். சிப்பித்தூள். நாக்கில் வைத்துப் பார்த்தேன். மூன்று நாள் கழித்துக் கையெழுத்துப் போட்டேன். அந்த மூன்று நாளைப் பற்றி எழுதமாட்டேன். அம்மாவை இன்னொரு தரம் என் படத்தோடு வாசல் வாசலாக நிற்க விட ஏலாது. அவ்வளவுதான் காரணம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உன் கடிதங்களில் ஆனியிலிருந்து கிண்ணியா முத்திரை. நான் பார்த்தேன். மூதூர்க் கந்தோர் பூட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளிம்பு கருகுகிறது என்று எழுதினாயே, அது நோய் இல்லை, உப்பு. இந்தத் தோட்டமும் கடலோரம்தான், கிணறெல்லாம் சவர். அதே கருகலைத் தினமும் நூறு மரத்தில் பார்க்கிறேன். உன் கடிதத்தில் பார்க்க விரும்பவில்லை. உன்னைத் திட்டுவது இலேசாக இருந்தது.

இனி எழுதுவதைக் கவனமாகச் செய். இது அந்த மண்ணுக்கான யோசனை.

நிலத்தில் நடாதே. சாக்கில் நடு. நிவாரண அரிசி வருகிற சாக்கு போதும். அடியில் ஐந்தாறு துளை போடு. கல்லின் மேல் வை, நிலத்து உப்பு ஏறாது. அடியில் தண்ணீரில் ஊறின தேங்காய்ப் பொச்சு மட்டை, அதன்மேல் சருகு, குசினிக் கழிவு. உன் குவியலைக் கிளறின ஆட்டைத் துரத்தாதே, அதன் புழுக்கையைப் பொறுக்கிப் போடு. கடற்கரையில் ஒதுங்குகிற சாதாளைப் பாசி நல்ல எரு, ஆனால் நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசாமல் போடாதே. மணல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மீன் தண்ணீரை நிறுத்து. கத்தரியை விடு. முதலில் பசளி, பிறகு வெண்டி.

சாக்கை அளவோடு நிரப்பு. ஒரு ஆள் தூக்கக்கூடிய பாரம்தான் இருக்க வேண்டும்.

அம்மாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லு.

உன் அண்ணன்

(உறையின் பின்புறத்தில், வேறு கையெழுத்தில்: யோகேஸ், இந்த முறை கடிதம் மூதூருக்குப் போகல்ல. சாச்சாவும் காணல்ல. "யோகேஸ்வரி, மே/பா றஹ்மா, கிண்ணியா" எண்டு நேரா எங்கட வீட்டுக்கே வந்துட்டு. பெருநாளைக்குச் செஞ்ச வட்டிலப்பம் ஒரு துண்டு அனுப்புறன். அம்மாவுக்குக் குடு. - ற.)


முகாம், நிலாவெளி வீதி
21.04.1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதல் தடவையாகச் சரியான விலாசம் எழுதியிருக்கிறேன். நான் சுகம். அம்மாவுக்கு முழங்கால் மோசம். எண்ணெய் ஜூன் மாதத்திலிருந்தே இல்லை. இப்படி எழுதக் கை கூசுகிறது, பழக வேண்டும்.

முத்திரையைப் பார்த்துக்கொண்டே என்னைத் திட்டினீர்கள் என்பதை நான் இலேசில் மன்னிக்கமாட்டேன். "உன் கையில் பட்டுச் சாகிறது" என்று எழுதினீர்கள். ஒவ்வொரு கன்று விழும்போதும் அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். நானும் பொய் சொன்னேன்தான். ஆனால் எனக்குத் தோட்டம் வேண்டியிருந்தது, அது பொய் இல்லை.

மூன்று சாக்கு வைத்திருக்கிறேன். பசளி ஒரு முழம் ஏறிவிட்டது. முந்தாநாள் பருப்போடு போட்டுக் கடைந்தேன். அம்மா தட்டைத் தள்ளவில்லை. உங்கள் கடிதம் வந்ததைச் சொன்னேன். "என்ன கேட்டவன்?" என்றா. "ஒண்டும் கேக்கேல்ல" என்றேன். இன்னும் கொஞ்சம் கீரையைத் தட்டில் போட்டுக்கொண்டு, "அப்ப அவனுக்குத் தெரிஞ்சு போச்சு" என்றா.

உங்களுக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. மார்கழியில் எங்கள் வளவு மண்ணும் என் கைக்கு வந்தது, ஒரு பிடி. அதைத்தான் உங்களுக்கு அனுப்ப இருந்தேன். பிரித்துப் பார்த்தேன். கறுப்பாகத்தான் இருந்தது, நீங்கள் சொல்வது போல. ஆனால் பாதி கரி. ஒரு ஓட்டுத் துண்டும் கிடந்தது, குசினிக் கூரையின் ஓடு. அதை அனுப்பியிருந்தால் வீடு எரிந்தது தெரிந்து ஓடி வந்திருப்பீர்கள், கையெழுத்துப் போட்டிருக்கமாட்டீர்கள். நாங்கள் தப்பி வேறு இடத்தில் இருப்பதை மணல் சொல்லும் என்று அதை அனுப்பினேன். அந்த மண்ணை வெண்டி நட்ட சாக்கில் வேரடியில் போட்டேன். கரி மணலுக்கு நல்லதா, கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதவும்.

இந்த முகாமை மூடப்போகிறார்களாம். எங்கே அனுப்புவார்கள், எப்போது என்று யாரும் சொல்கிறார்கள் இல்லை. நேற்று அம்மா அந்த வெண்டிச் சாக்கை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தா. பாரம் என்றா. கொஞ்சம் எடுத்துக் கொட்டட்டுமா என்று கேட்டேன்.

"கொட்டாத," என்றா. "நீ ஒரு பக்கம் பிடி."

தங்கை,
யோகேஸ்வரி